பானக்காரம்

வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், ஒரு நொடி நின்றிருக்கலாம், ஒன்றும் முடியாவிட்டால் சிரித்தாவது வைத்திருக்கலாம். ஜெயக்கொடி எதையும் செய்யவில்லை. பஸ் ஜன்னலில் வெள்ளரிப்பிஞ்சு நீட்டுகிறவனுக்கு ஆட்டுகிற மாதிரி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டு, நீட்டிய கையைத் தாண்டி ஓடி வந்துவிட்டாள். நீட்டியது அவள் பெற்ற பெண். பதினாலு வயது நிகிலா. பத்து மாதமாக அம்மாவிடம் ‘சரி’, ‘தெரியாது’, ‘சாப்டாச்சு’ என்பதற்கு மேல் பேசாத பெண் இன்றைக்குத் தானாகப் புறப்பட்டு வந்து, உப்பளம் முடிந்து கடற்கரைச் சாலை தொடங்குகிற மூலையில், ஓலை போட்டு மூடிய உப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிற நீல மூடி பாட்டிலை நீட்டி, “ம்மா, பானக்காரம். நானே போட்டேன்” என்றாள். புளியும் கருப்பட்டியும் கரைத்த தண்ணீர். சுக்கு தட்டிப் போட்டிருப்பாள். பாட்டிலுக்கு வெளியே வேர்த்திருந்தது, அப்படியென்றால் ஐஸும் போட்டிருக்கிறாள். இத்தனையையும் அந்த ஒரு நொடியில் பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு, பாட்டிலுக்குப் பின்னால் இருந்த முகத்தைப் பார்க்கத் தெரியவில்லை. முகம் எப்படி இருந்தது? வாடியதா, கோபித்ததா, அல்லது எப்போதும் போல ஒன்றுமில்லாமல் இருந்ததா? ஜெயக்கொடி ஓடிக்கொண்டே எவ்வளவு யோசித்துப் பார்த்தாலும் நீல மூடிதான் வருகிறது.

போட்டியின் விதி அப்படி, அவள் என்ன செய்வாள். நேற்று சாயங்காலம் கடற்கரைப் பந்தலில் எல்லோரையும் உட்காரவைத்து நடுவர் மைக்கில் படித்துப் படித்துச் சொன்னார். போட்டி நடத்துகிறவர்கள் வைத்திருக்கும் பந்தலில் என்ன வேண்டுமானாலும் வாங்கிக் குடிக்கலாம், தின்னலாம், தலையில் ஊற்றிக்கொள்ளலாம். வெளியாள் கையிலிருந்து ஒரு மடக்குத் தண்ணீர் வாங்கினாலும் அத்தோடு ஆட்டம் முடிந்தது, நெஞ்சில் குத்தியிருக்கிற நம்பரைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போகவேண்டியதுதான். போன வருடம் அண்ணன்காரன் அன்பாக நீட்டிய வாழைப்பழத்தைக் கடித்த ஒரு பையனைக் கடைசிக் கிலோமீட்டரில் நிறுத்திவிட்டார்கள் என்ற கதையையும் சேர்த்துச் சொன்னார். பந்தலே சிரித்தது. ஜெயக்கொடியும் சிரித்தாள். வீட்டுக்குப் போய் அதைச் சொன்னாளா? சொல்லவில்லை. சைக்கிளுக்குக் காற்று அடித்து, துண்டு, கண்ணாடி, ஷூ எல்லாம் எடுத்துவைக்கவே நேரம் சரியாகப் போயிற்று. சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை இந்த வெயிலில் பாட்டிலோடு வந்து நின்றிருக்காது. வெளியாள் என்று அவர் சொன்னபோது யாரோ முன்பின் தெரியாதவர்கள்தான் அவள் மனதில் வந்தார்கள். புருஷனும் பிள்ளையும்கூட அந்தக் கணக்கில்தான் சேர்த்தி என்று மண்டையில் உறைக்கவே இல்லை. நின்று, “கண்ணு, வாங்கக் கூடாது பிள்ள, வாங்கினா வெளிய தள்ளிருவாங்க” என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அந்த நேரத்தைத்தான் மிச்சம் பிடித்து இப்போது ஓடிக்கொண்டிருக்கிறாள். மிச்சம் பிடித்த நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாளோ தெரியவில்லை.

கணுக்காலில் ஏதோ சுளுக் என்றது. இல்லை, ஒன்றுமில்லை, ஷூவுக்குள் மணல். காலையில் கடலுக்குள் இறங்கி இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைய நீந்தி, ஈரத்தோடு சைக்கிளில் ஏறித் தொண்ணூறு கிலோமீட்டர் மிதித்து, இப்போது இருபத்தோரு கிலோமீட்டர் ஓட்டம். இதற்குப் பெயர் அரைத் தூரமாம். முழுத் தூரம் என்று ஒன்றைக் கண்டுபிடித்தவன் வீட்டில் நிம்மதியாக ஒரு வாய் காப்பி கொடுத்திருக்க மாட்டார்கள். ஓட்டம் மூன்று சுற்று. உப்பளத்து மண் ரோட்டில் போய், அந்தக் கோடியில் திரும்பி, மறுபடி கடற்கரைச் சாலைக்கு வரவேண்டும். மூன்றாவது சுற்றில் மட்டும் அந்த மூலையில் திரும்பாமல் நேராகப் போனால் முடிவுக்கோடு, கூப்பிட்டால் கேட்கிற தூரம். முதல் சுற்று ஆயிற்று, இன்னும் இரண்டு. இரண்டு தடவை அந்த மூலைக்கு வருவாள். வரும்போது சொல்லிக்கொள்ளலாம். நின்று, மூச்சு வாங்கி, நிதானமாகச் சொல்லலாம். பாத்திகளில் உப்பு விளைந்து வெள்ளை வெளேரென்று கண்ணைக் குத்தியது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கையில் கடிகாரம் கீச்சிட்டது. குடி என்று அர்த்தம். அவளுக்குத் தாகம் எடுக்கிறதோ இல்லையோ, குறித்த நேரத்துக்கு ஒரு தடவை அது கீச்சிடும், உடனே இரண்டு மடக்குக் குடிக்கவேண்டும். கோச் ரெக்ஸன் அப்படி வைத்துக் கொடுத்திருக்கிறார். தாகம் எடுத்த பிறகு குடித்தால் பிந்திப்போச்சு அக்கா என்பார் அவர். அரையில் கட்டியிருந்த குட்டி பாட்டிலை எடுத்து உப்பும் இனிப்பும் கலந்த ஒரு செத்த தண்ணீரைக் குடித்தாள். கருப்பட்டி வாசனை எங்கிருந்தோ வந்த மாதிரி இருந்தது. பிரமைதான்.

அவளுக்குப் பானக்காரம் பிடிக்கும் என்று அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? எப்போதோ சொல்லியிருக்கவேண்டும். தெம்புக்குத் தருகிற இந்த ஜெல் பாக்கெட்டைத் தின்றால் குமட்டுகிறது, ஒரு டம்ளர் பானக்காரம் கிடைத்தால் எப்படி இருக்கும் என்று வழக்கமாகப் புலம்புவாள், புருஷன் சுயம்புலிங்கத்திடம்தான். அவர் பேப்பரைப் பார்த்துக்கொண்டே ம் கொட்டுவார். அந்த ம் எந்தக் காலத்திலும் எதையும் கேட்டதில்லை. அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிற பிள்ளை கேட்டிருக்கிறது. கதவைச் சாத்தியிருந்தால் காதையும் சாத்திக்கொண்டதாக அர்த்தமா என்ன. அன்றைக்கும் ஒரு கதவுதான், இல்லை, ஜன்னல். பத்து மாதத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடலில் நீச்சல் பழகிவிட்டு, சைக்கிளும் மிதித்துவிட்டு வந்திருந்தாள். என்றைக்கும் இல்லாமல் அன்று கை நன்றாக விழுந்தது, தண்ணீர் தானாக வழிவிட்ட மாதிரி இருந்தது, அந்தச் சந்தோஷம் அவளுக்கு. கடல்காற்றில் ஓட்டிய சைக்கிளை உடனே கழுவாவிட்டால் துரு ஏறிவிடும். வாசல் குழாயில் ஹோஸைச் செருகித் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தாள். பாட்டுக்கூடப் பாடினாள். ஜன்னலுக்குள்ளிருந்து “ம்மா” என்று ஒரு சத்தம். “இரு பிள்ள, செயின் துருப்பிடிச்சிரும், கழுவிட்டு வாரேன்” என்றாள். அப்புறம் அந்தச் சத்தம் வரவில்லை. செயினைத் துடைத்தாள், எண்ணெய் போட்டாள், பெடலைச் சுற்றிச் சுற்றிக் காதை வைத்துக் கேட்டாள், சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு ஓடியது. அரை மணி நேரம் இருக்கும். பக்கத்து வீட்டு ஹெப்சிபா டீச்சர் இவள் வீட்டுக்குள்ளிருந்து வெளியே வந்தபோதுதான் இவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவங்க எப்படி உள்ளே இருக்காங்க?

“ஜெயா, பதறாத. பிள்ள பெரியவளாயிட்டா” என்றார் டீச்சர். “காலைல என்ட்ட வந்து சொன்னா. எல்லாம் பாத்துக்கிட்டேன். உளுந்தங்களி கிண்டி நல்லெண்ணெ ஊத்திக் குடுத்துட்டேன். நீ போய்ப் பாரு.” கையில் கிரீஸ். ஜெயக்கொடி அந்தக் கையோடு உள்ளே ஓடினாள். நிகிலா கட்டிலில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள், டீச்சர் வீட்டுக் கிண்ணம் மடியில். தொடப் போன ஜெயக்கொடி தன் கையைப் பார்த்துவிட்டுப் பின்னால் இழுத்துக்கொண்டாள். “பரவால்லம்மா” என்றாள் நிகிலா. “கைய கழுவிட்டு வா.” திட்டியிருக்கலாம், அழுதிருக்கலாம், கிண்ணத்தைத் தூக்கி எறிந்திருக்கலாம், அதற்கெல்லாம் சமாதானம் உண்டு. பரவாயில்லை என்று சொன்னவளை என்ன செய்வது? முதல் வாய்க் களியைப் பெற்ற தாய் ஊட்டவேண்டும். அப்படி எந்தச் சாஸ்திரத்திலும் எழுதியிருக்கிறதா என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் அவளுக்கு அவள் அம்மாதான் ஊட்டினாள், எண்ணெய் உள்ளங்கை வழியாக முழங்கைக்கு வழிய வழிய. டீச்சர் நல்ல மனுஷி. டீச்சர் செய்ததில் ஒரு குறை சொல்ல முடியாது. அதுதான் பொறுக்கவில்லை.

அன்றைக்கு வீட்டில் சுயம்புலிங்கம் இருந்தார். முன்னறையில், பேப்பரோடு. பிள்ளை அவரைத் தாண்டித்தான் டீச்சர் வீட்டுக்குப் போயிருக்கிறாள், அவர் தலையை நிமிர்த்தவில்லை. அவரை யாரும் கேட்டதில்லை. மஞ்சள் நீராட்டுக்கு வந்த அத்தனை பேரும், ஏன் ஜெயா, நீ அப்ப எங்க இருந்த, கடல்லயா, என்று மாறி மாறி இவளைத்தான் கேட்டார்கள். நாற்பத்து நாலு வயசில் பொம்பளைக்குக் கடலில் என்ன வேலை என்று வாய்விட்டுக் கேட்காதவர்கள் அதைக் கண்ணால் கேட்டார்கள். அதற்கெல்லாம் அவள் அசரவில்லை. கடலோர ஊரில் பிறந்து நாற்பது வயது வரை முழங்காலுக்கு மேல் தண்ணீர் காணாதவள் அவள். சரக்கு ஏற்றுமதிக் கம்பெனியில் சுங்கக் காகிதங்களோடு மாரடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் வீட்டு வேலை. இதற்கு நடுவில் தண்ணீருக்குள் முகத்தை அமுக்குகிற அந்தக் கொஞ்ச நேரம்தான் யாரும் ஜெயா என்று கூப்பிடாத நேரம். அதற்காக அவள் வெட்கப்படவில்லை, இன்றைக்கும் வெட்கமில்லை. கடலுக்குப் போனது தப்பில்லை. போனது தப்பே இல்லை. திரும்பி வந்த பிறகு, பிள்ளை கூப்பிட்ட பிறகு, பத்தடி தூரத்தில் நின்றுகொண்டு இரு என்றாளே, அதுதான். இன்றைக்கும் அதையே செய்திருக்கிறாள். அன்றைக்காவது வாயால் சொன்னாள், இன்றைக்கு வெறும் தலையாட்டல்.

மஞ்சள் நீராட்டு முடிந்த மறுநாள் அவளே உளுந்தை வறுத்துத் திரித்துக் களி கிண்டினாள். உடன்குடிக் கருப்பட்டி, செக்கு நல்லெண்ணெய், ஒன்றிலும் குறை வைக்கவில்லை. ஒரு உருண்டை உருட்டி நடுவில் குழித்து எண்ணெய் ஊற்றி வாயருகே கொண்டுபோனாள். “நானே சாப்டுக்கிடுதேன்” என்று கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள் நிகிலா. சாப்பிட்டாள், மிச்சம் வைக்கவில்லை, கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்தாள். குற்றம் சொல்ல ஏதாவது இருந்தால்தானே. அதற்குப் பிறகு வீட்டில் ஒரு மரியாதை வந்து உட்கார்ந்துகொண்டது. விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி. விடிவதற்கு முன்னால் ஜெயக்கொடி பையை மாட்டிக்கொண்டு பிள்ளை படுத்திருக்கிற அறை வாசலில் நின்று, நேரமாச்சு, போய்ட்டு வாரேன் என்று மெதுவாகச் சொல்வாள். போர்வைக்குள்ளிருந்து ‘சரி’ வரும். அந்தச் சரிக்காக ஒரு நிமிடம் நிற்பாள். விழித்துக்கொண்டுதான் படுத்திருக்கிறது என்று தெரியும். உள்ளே போய் ஓரத்தில் உட்கார்ந்து தலையைத் தடவினால் என்ன? நேரமாச்சு. கோச் காத்திருப்பார், வெயில் ஏறிவிடும். நேரமாச்சு, நேரமாச்சு. அவள் வாயில் வேறு வார்த்தையே இல்லையா?

“ஏனுங்க மேடம், இது நாம போன ஜென்மத்துல செஞ்ச பாவமுங்களா?” என்று பக்கத்தில் ஒரு குரல். திரும்பினால் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், காலையில் கரையில் நிற்கும்போது பக்கத்தில் நின்று சாமி கும்பிட்டவர், வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும், தொடையைப் பிடித்துக்கொண்டு நொண்டிக்கொண்டிருந்தார். “இந்த ஜென்மத்துல செஞ்சதுதான் அண்ணாச்சி” என்றாள். அவர் சிரித்தார். தசை இறுகிக்கொண்டதாம், உப்பு மாத்திரை தீர்ந்துவிட்டதாம். ஜெயக்கொடி நின்று, அரைப்பையைத் திறந்து, இரண்டு மாத்திரையை எடுத்து அவர் கையில் வைத்தாள். அவர் பதிலுக்கு ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து நீட்டினார். வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். ஓடுகிறவர்கள் ஒருவருக்கொருவர் கொடுக்கலாம், வாங்கலாம், அதற்கு விதியில் இடமிருக்கிறது. கொட்டையைத் துப்பும்போதுதான் சுரீர் என்றது. நின்றாளே! பேர் தெரியாத மனுஷருக்காக நின்று, பையைத் திறந்து, எடுத்துக் கொடுத்து, வாங்கித் தின்று, இரண்டு வார்த்தை பேசவும் செய்தாளே. நேரம் எங்கும் ஓடிப்போய்விடவில்லையே. உப்பு விளைந்து கிடந்த பாத்தியைப் பார்த்தபடி ஓடினாள். கண்ணில் வடிந்தது வியர்வைதான், கொஞ்சம் அழுகையும் இருந்தது. உப்பளத்தில் அழுதால் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்.

இரண்டாவது சுற்று முடிந்து மூலை தெரிந்தது. உப்புக் குவியல் தெரிந்தது. சொல்லவேண்டியதை வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள், கண்ணு, அம்மா மேல கோவமா, வாங்கக் கூடாதுன்னு விதி, முடிச்சிட்டு வந்து முழுசும் குடிக்கேன். நிகிலாவின் மஞ்சள் டீ ஷர்ட்டைத் தேடினாள். ஸ்கூட்டரில் சாய்ந்துகொண்டு சுயம்புலிங்கம் மட்டும் நின்றார், தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு. “சூப்பர் சூப்பர், விடாத” என்று கையைத் தட்டினார். “நிகிலா எங்க?” என்று கேட்டாள், நின்றேவிட்டாள். “இங்கனதான் நின்னா. நீ போனதும் ஒரு மாதிரி ஆயிட்டா. பொறவு பாட்டிலத் தூக்கிட்டு அந்தப் பக்கமா நடந்து போனா” என்றார், கடற்கரைச் சாலையைப் பார்த்து. “வீட்டுக்கா?” “தெரியல. கேட்டேன், ஒண்ணும் சொல்லல. நீ ஏன் வாங்கல? ஒரு வாய் குடிச்சா என்ன?” “வாங்கக் கூடாதுங்க, வெளிய தள்ளிருவாங்க.” “அதச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதான? நான் என்னத்தக் கண்டேன்” என்றார். அவர் சொன்னதில் கோபம்கூட இல்லை. அவர் பாட்டுக்கு அவர் சொன்னார். “போ போ, நேரம் போகுது, கடைசி வண்டி வந்துட்டு இருக்கு” என்று பின்னால் காட்டினார். நேரத்துக்குள் முடிக்காதவர்களை ஏற்றிக்கொண்டு போகிற வேன் அது. போன வருடம் சைக்கிளிலேயே அது அவளைப் பிடித்துவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்து திரும்பி வந்த அந்த அவமானம் இன்னும் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஜெயக்கொடி ஓடினாள்.

ஓடினாள் என்று சொல்வது மரியாதைக்காக. நடக்கிறவன் பார்த்தால் சிரிப்பான். தொடை இரண்டும் அவள் பேச்சைக் கேட்பதை எப்போதோ நிறுத்திவிட்டன, பழக்க தோஷத்தில் போய்க்கொண்டிருந்தன. வீட்டுக்கு நடந்தே போயிருக்குமோ? இந்த வெயிலில், துறைமுக லாரிகள் போகிற ரோட்டில், காதில் ஏதாவது மாட்டிக்கொண்டு. ஒரு லாரி. சே, அப்படியெல்லாம் நினைக்கக் கூடாது. ஹெப்சிபா டீச்சருக்குப் போன் பண்ணியிருப்பாள், டீச்சர் வந்து கூட்டிக்கொண்டு போயிருப்பார், பானக்காரத்தை டீச்சர் குடித்துவிட்டு, நல்லாப் போட்டிருக்கியே பிள்ள என்று தலையைத் தடவியிருப்பார். தடவட்டும். இல்லை, தடவக் கூடாது. அது எனக்குப் போட்டது. எனக்குப் போட்டதை நான் வேண்டாம் என்றுவிட்டேன், இப்போது எனக்கு என்ன பாத்தியதை இருக்கிறது. கடிகாரம் கீச்சிட்டது. குடித்தாள். வழியில் இருந்த தண்ணீர்ப் பந்தலில் ஒரு பெண் ஓடிவந்து தலையில் ஜில்லென்று தண்ணீரை ஊற்றினாள், தொப்பிக்குள் ஐஸ் கட்டியைப் போட்டுவிட்டாள். தர்பூசணித் துண்டு ஒன்று. இத்தனை பேர் அவளைத் தாங்கு தாங்கென்று தாங்குகிறார்கள். கோடியில் இருந்த தகரப் பலகையைச் சுற்றித் திரும்பினாள். இனி நேர்வழிதான். திரும்பும்போது பார்த்தாள், வேன் வெகுதூரத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. இந்த வேகத்தில் போனாலே போதும், முடித்துவிடலாம். முடித்தால் கழுத்தில் ஒரு பதக்கம் போடுவார்கள். அதைக் கொண்டுபோய் டிவிக்குப் பக்கத்தில் மாட்டினால் நிகிலா பார்த்துவிட்டு ‘சரி’ என்பாள். அப்போதுதான் அவள் முடிவெடுத்தாள். அந்த மூலையில் பிள்ளை நின்றால் வாங்கிக் குடித்துவிடுவது. முடிவுக்கோடு கண்ணுக்குத் தெரிந்தாலும் சரி, நடுவர் பக்கத்திலேயே நின்றாலும் சரி. நம்பரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஸ்கூட்டரில் மூன்று பேராக வீட்டுக்குப் போய்விடலாம். இரண்டு வருடப் பாடு போகட்டும். எண்ணம் வந்ததும் உடம்பே லேசான மாதிரி இருந்தது. நின்றால்தானே. நிற்கவேண்டுமே, சாமி. காலை இழுத்து இழுத்துப் போட்டாள்.

நின்றாள். உப்புக் குவியலுக்குப் பக்கத்தில், முன்பு நின்ற அதே இடத்தில், மஞ்சள் டீ ஷர்ட். முகம் கன்றிச் சிவந்திருந்தது, இந்தத் தடவை ஜெயக்கொடி முகத்தைத்தான் முதலில் பார்த்தாள். கை இரண்டும் சும்மா இருந்தன. பாட்டில் தரையில், காலுக்குப் பக்கத்தில். ஜெயக்கொடி நேராக அவள் முன்னால் போய் நின்று கையை நீட்டினாள். மூச்சில் பேச்சு வரவில்லை. “குடு” என்றாள். நிகிலா பாட்டிலைக் காலால் பின்னுக்குத் தள்ளினாள். “வேண்டாம்மா. வாங்கக் கூடாதாம். அங்க பந்தல்ல போய் ஒரு சாரக் கேட்டுட்டு வந்தேன். வாங்கினா எல்லாம் வேஸ்டாம்.” “பரவால்ல பிள்ள. குடு. எனக்கு அது வேண்டாம், இது போதும்.” “அய்யோ, ம்மா!” அந்தக் குரலில் எரிச்சல் இல்லை. அழுகிற சின்னப்பிள்ளையைச் சமாதானம் பண்ணுகிற குரல். “இன்னும் கொஞ்சந்தான இருக்கு. போன வருஷம் வேன்ல வந்து எப்படி அழுத, பாத்தேன்லா. நின்னுட்டே இருந்தா கால் பிடிச்சிரும்.” “கண்ணு, அன்னைக்கி நான்…” என்று ஜெயக்கொடி ஆரம்பித்தாள். பத்து மாதம் வாய்க்குள் கிடந்தது அதற்கு மேல் வெளியே வரவில்லை. என்ன சொல்ல வருகிறாள் என்று தெரிந்துதான் நிகிலா பார்த்தாள். பிறகு, ஒரு கை நீட்டினால் தொட்டுவிடுகிற தூரத்தில் நின்றுகொண்டு, தொடாமல், ரொம்ப அன்பாகச் சொன்னாள்: “பரவால்லம்மா. நேரமாச்சு. போ.”

போனாள். வேறு என்ன செய்வாள். கால் பழகிய வேலையைச் செய்தது. நீல நிற வளைவு தெரிந்தது, மைக்கில் அவள் பெயரை ஜெயகோடி ஜெயகோடி என்று கோடீஸ்வரியாக்கிக் கொண்டிருந்தார்கள், யார் யாரோ கை தட்டினார்கள். இவ்வளவு நல்ல பிள்ளையாக, இவ்வளவு பெரியவளாக, எப்போது ஆனாள்? யார் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஆனாள்? ஓடுகிறவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பார் ரெக்ஸன், விழுந்துவிடுவார்களாம். ஜெயக்கொடி திரும்பிப் பார்த்தாள். கை அசைப்பாள் என்று நினைத்தாள், அல்லது அழுதுகொண்டு நிற்பாள், அல்லது முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பாள். நிகிலா இவளைப் பார்க்கவே இல்லை. குனிந்து பாட்டிலை எடுத்து, நீல மூடியைத் திருகி, தலையை அண்ணாந்து கடகடவென்று குடித்துக்கொண்டிருந்தாள். மூச்சு விடாமல் குடித்தாள். கழுத்தில் வழிந்ததைக்கூடத் துடைக்கவில்லை. தலையில் தொப்பி இல்லை, நிற்க நிழல் இல்லை, முதல் சுற்றிலிருந்தே நின்றிருக்கிறாள், பந்தலுக்கு நடந்து போய் நடந்து வந்திருக்கிறாள், கையில் ஒரு பாட்டில் நிறைய வைத்துக்கொண்டு இவ்வளவு நேரம் ஒரு சொட்டுக் குடிக்காமல் வைத்திருந்திருக்கிறாள். ஜெயக்கொடியின் கையில் கடிகாரம் கீச்சிட்டது. அந்தப் பிள்ளைக்கும் தாகம் எடுத்திருக்கும் என்பது அதுவரை அவளுக்குத் தோன்றவே இல்லை.